மூன்று நாள் பாரம் தூக்கக் கூடாது

பதினேழு என்று எழுதிய அட்டையை எப்சிபா இடது கையில்தான் பிடித்திருந்தாள். வலது கையில் பிடித்தால் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. விழுந்த பிறகு யாராவது குனிந்து எடுத்துக் கொடுப்பார்கள், அப்போதுதான் தெரியும். உள்ளே பதினொன்று போயிருக்கிறது. இன்னும் ஐந்து பேர் போனால் இவள். எதிர் வரிசையில் கழுத்துப் பட்டை போட்ட ஒருவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பித் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வைக்காத தொலைக்காட்சி. யாரோ ஒரு பெண் வெங்காயம் வதக்கிக்கொண்டே சிரித்துச் சிரித்துப் பேசினாள், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் வேதமாணிக்கம் பழைய நரம்புச் சோதனைத் தாளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிய மனுஷர். காகிதத்தைக்கூட உடைந்துவிடும் என்பதுபோலத்தான் பிடிப்பார். இவர்தான் டோக்கன் போட்டது. கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நேற்றுக் காலை தோசைக்கல்லில் அவள் ஆள்காட்டி விரல் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ தீய்கிற வாசம் வருகிறதே என்று தோசையைத்தான் பார்த்தாள், தோசை நன்றாக இருந்தது. அவர்தான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் குழாயடியில் விரலைக் காட்டி வைத்துக்கொண்டே நின்றார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அதன் குளிர்ச்சியும் அவளுக்குத் தெரியவில்லை. இன்று காலை சட்டை போட்டு நின்றார். "கிளம்பு." "எங்க?" "டாக்டரம்மாட்ட. டோக்கன் போட்டாச்சு." நாலு மாசத்தில் அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசியது இதுதான். அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. இல்லை என்று நினைத்ததும் டோக்கன் அட்டையை மறுபடி பார்த்தாள். பதினேழு. மகன் ஆல்ட்ரினுக்குப் பதினேழு வயது நடந்தபோதுதான் இடது கை முழுசாக விழுந்தது. வேண்டாம். எந்த எண்ணைப் பார்த்தாலும் அந்த வயதில் அவனுக்கு எது போனது என்று மனசு கணக்கெடுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஒன்பதில் மாடிப்படி. பதினொன்றில் நடை. பதிமூன்றில் தானாகச் சாப்பிடுவது. இருபத்திமூன்றோடு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கையில் என்ன கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அவன்தான். தசை ஒவ்வொன்றாகக் கரைந்து போகிற நோய் அவனுக்கு. ஆனால் வலது கை விரல்கள் மட்டும் கடைசிவரை அவன் சொன்னபடி கேட்டன, அந்த விரல்களால் மௌஸை நகர்த்தி நகர்த்தி உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்துவிடுவான். அவள் விடியக்காலையில் எழுந்து கையை உதறிக்கொண்டு நிற்பதைக் கட்டிலில் இருந்து பார்த்திருக்கிறான். "எம்மா, இங்க வா. எந்த விரலு மரக்கு?" கட்டை விரல், அடுத்தது, நடு விரல், மோதிர விரலில் பாதி. "சுண்டு விரலு?" சுண்டு விரலுக்கு ஒன்றும் இல்லை மக்கா. "அப்ப அதேதான்." படம் காட்டினான். மணிக்கட்டுக்குள் சின்னக் குகை மாதிரி ஒரு வழி. அதற்குள் ஒன்பது தசைநாரும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. வேலை செய்து செய்து தசைநார்கள் வீங்கினால் அந்த நரம்பு நசுங்கும். "ஒன்பது தடியனுவளுக்கு நடுவுல ஒரு நோஞ்சான் மாட்டிக்கிட்டான்மா. நம்ம வீட்டு பஸ் பயணம் மாதிரி." அவன் சிரித்தால் சத்தம் வராது, மூக்கு மட்டும் விரியும். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு, அது வேறு தெரு வழியாகப் போகிறது, அதனால் தப்பித்துக்கொண்டது என்றான். "ஒரு ஊசி இருக்கு. ஸ்டீராய்டு. அந்தக் குகைக்குள்ள போட்டா வீக்கம் வத்தும், நோஞ்சான் மூச்சு விடுவான். ஆபரேஷன் இல்ல, ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷம். போயிட்டு வா." வேலை செய்து செய்து என்று அவன் படித்துக் காட்டிய இடத்தில் என்ன வேலை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை. படுக்கையில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கக்கூஸுக்கு, திரும்ப, பிறகு இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட, முதுகைத் தேய்க்க, காலை நீட்டி மடக்க. முப்பத்தெட்டுக் கிலோ. நர்ஸ் அக்கா ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள், அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, மணிக்கட்டை மடக்காமல் தூக்க வேண்டும் என்று. மடக்காமல் தூக்கினால் அவனுக்கு இடது தோள் வலித்தது, மடக்கித் தூக்கினால் வலிக்கவில்லை. அதனால் மடக்கித்தான் தூக்கினாள். அவ்வளவுதான் விஷயம். அதில் தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை.

ஆனால் அது மட்டும்தானா என்று கேட்டால் அது மட்டும் இல்லை. பன்னிரண்டு உள்ளே போனது. போன ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு இதே இடத்துக்கு இதே மனுஷரோடு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சண்முகவடிவு தாளைப் பார்த்து, நரம்பு நல்லா நசுங்கியிருக்கு, இப்பவே போட்டுரலாம் என்று சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். போட்ட பிறகு கையால் வேலை செய்யலாமா? சின்ன வேலை செய்யலாம், மூன்று நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது, ஒரு வாரம் கையைப் படுத்தாமல் இருந்தால் நல்லது. மூன்று நாள். அவள் எழுந்துவிட்டாள். மூணு நாள் முடியாது டாக்டர், வீட்ல பையன் இருக்கான். வெளியே வந்ததும் வேதமாணிக்கம் சொன்னார், "நான் மூணு நாள் லீவு போடுதேன் எப்சி. நான் தூக்குதேன்." உங்களுக்குத் தூக்கத் தெரியாது என்று சொன்னாள். பட்டென்று சொன்னாள், நடு ரோட்டில் வைத்து. அவர் குடையைச் சாய்த்து அவளுக்குப் பிடித்துக்கொண்டு, தன் ஒரு தோள் நனைய நடந்து வந்தார். வீட்டில் ஆல்ட்ரின் கேட்டதும் கத்தினான், அவனுக்குக் கத்த முடிகிற அளவு. "அப்பா தூக்கட்டும்மா! நான் என்ன கண்ணாடிக் குழாயா? அப்படியே கண்ணாடிக் குழாயா இருந்தாலும் அப்பாவுக்குத்தான் பிடிக்கத் தெரியும், உனக்கு இல்ல." அவர்கூடச் சிரித்தார் அன்றைக்கு. அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை? அவர் தூக்கினால் அவனுக்கு வலிக்கும் என்று பயந்தாள், உண்மை. ஆனால் வலிக்காமல் போய்விட்டால்? மூன்று நாள் அவர் தூக்கி, அவனுக்கு ஒன்றும் ஆகாமல், அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது. அதை அவள் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. வாத்தியார் வேலையை விட்டு, ஊர் கல்யாணங்களை விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட ஒரு வாரம் போனால் மறு வாரம் போகாமல், அவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவனை வலிக்காமல் தூக்க அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பது. அதை மூன்று நாளைக்கு இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றாள். பொங்கல் லீவு கழியட்டும் என்றாள். அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, அது கழியட்டும் என்றாள். அவன் போனில் தேதி போட்டு வைத்திருந்தான், அந்தத் தேதி வரும்போதெல்லாம் போன் கூவும், "அம்மா ஊசி" என்று அதில் எழுத்து வரும், அவன் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பான். சளி கழியவில்லை. மாசியில் நெஞ்சுக்குள் இறங்கியது.

ஊசியைப் போட்டிருந்தால் கை தெரிந்திருக்கும். இந்த ஒரு வரி இருக்கிறதே, இதைத்தான் அவள் நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் துலக்கும்போது, கொடியில் துணி காயப்போடும்போது, கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது. போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஐப்பசியில் போட்டிருந்தால் பங்குனி வரைக்கும் அதன் குணம் இருந்திருக்கும் அல்லவா, ஆறு மாசம் வரை இருக்கும் என்று அவனே படித்துச் சொன்னானே. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்த் தொண்டையில் குழாய் போட வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். முன்னாடியே, நல்லா இருக்கும்போதே, ஒரு சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் அது. அதனால் வீட்டிலேயே. மூச்சு மிஷினின் முகமூடி அந்தக் கடைசி நாளில் என்னமோ சரியாகப் பொருந்தவில்லை, மூக்குத் தண்டில் இருந்து காற்று கசிந்து அவன் கண்ணில் அடித்தது, அவள் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் அவன் வலது கை. காலை ஒன்பது மணியில் இருந்து. பத்து நிமிஷம் பிடித்ததுமே கட்டை விரலில் இருந்து மரப்பு ஏற ஆரம்பித்துவிட்டது, அவளுக்குத் தெரியும், அவளுக்கு அது புதிதா என்ன. ஒரு தடவை கையை உதறினால் போதும், ரத்தம் ஓடி, ஊசி குத்தி, கொஞ்ச நேரத்துக்கு உணர்ச்சி வரும். ஆனால் உதற வேண்டுமென்றால் விட வேண்டும். விட்டு, உதறி, மறுபடி பிடிக்க அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் விடவில்லை. இரண்டு மணி நேரம் விடவில்லை. இடது கையால் பிடித்திருக்கலாம். முகமூடியை இவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இடது கையால் அவன் கையைப் பிடித்திருக்கலாம். இவர் கால்மாட்டில் இருந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார், சில்லென்று ஆகிக்கொண்டிருந்த பாதம். "நான் பிடிக்கட்டுமா எப்சி?" என்று ஒரு தடவை கேட்கவும் செய்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முகமூடிக்கும் அவளுக்கு மட்டும்தான் வழி தெரியும். எல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் கண் அவள் முகத்தில் இருந்தது, அவள் கண் அவன் முகத்தில் இருந்தது, கீழே கைக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவன் உடம்பில் மிச்சம் இருந்த பலம் எல்லாம் அந்த விரல்களில்தான் இருந்தது. பேச முடியாதபோது அவன் எப்போதும் விரலால்தான் சொல்வான், தண்ணீர், வெளிச்சம், போதும். அன்றைக்கும் ஏதாவது சொல்லியிருந்தால்? அவள் சுண்டு விரல் மட்டும் வெளியே, அவன் உள்ளங்கைக்கு அப்புறம், தனியாக இருந்தது. அதற்கு எல்லாம் தெரிந்தது, போர்வையின் சொரசொரப்பு, காற்றாடியின் காற்று, எல்லாம், அவன் ஒருத்தனைத் தவிர. பிறகு இவர் எழுந்து வந்து தோளில் கை வைத்து, "விடுட்டி, போயிட்டான்" என்றார். அவள் குனிந்து பார்த்துத்தான் இன்னும் பிடித்திருக்கிறாள் என்பதையே தெரிந்துகொண்டாள். எவ்வளவு நேரம்? போய் எவ்வளவு நேரம் கழித்து?

"பதினேழு." நர்ஸ் பெண் கதவைத் திறந்து பிடித்தாள். அவள் எழுந்தாள், இவரும் எழுந்தார். "ஊசிதான, ஒருத்தர் போதும்மா" என்றாள் அந்தப் பெண்; இவர் மறுபடி உட்கார்ந்தார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, ஸ்பிரிட் வாசம். டாக்டர் சண்முகவடிவு தாளைப் புரட்டி நிமிர்ந்தாள். "ஆமா, நீங்க அன்னைக்குப் போட மாட்டேன்னு எந்திரிச்சுப் போனவங்கல்லா. ஒன்பது மாசம் கழிச்சு வாறீங்க. சுகர் இருக்கா?" எல்லையில் இருக்கிறது என்றாள். "கொஞ்ச நாளைக்குச் சுகர் ஏறும், பயப்படாதீங்க, தானா இறங்கிரும்." விரல் விரலாகத் தொட்டாள், பஞ்சால், பிறகு குண்டூசி முனையால். தெரியுதா. இல்லை. இது? இல்லை. இது? சுண்டு விரலில் சுரீர் என்றது. தெரியுது. கட்டை விரல் அடியில் சதை வற்றிப் போயிருப்பதை டாக்டர் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முன்னாடியே வந்திருக்கலாம்மா நீங்க." ஆமா டாக்டர், வந்திருக்கலாம். "ஊசி முழுசா குணமாக்கும்னு சொல்ல மாட்டேன். வீக்கம் வத்துனா நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். சிலருக்கு மாசக்கணக்குல நிக்கும், சிலருக்குத் திரும்ப வரும். வந்தா ஆபரேஷன் பத்திப் பேசுவோம். தூங்கும்போது பட்டை போட்டுக்கிடணும், மணிக்கட்டு மடங்காம." சுருட்டிய துண்டின் மேல் அவள் கையை மல்லாத்தி வைத்தார்கள். "கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வைங்க, தசைநார் எழும்பட்டும்." சேர்த்தாள், தெரியாத விரலும் தெரிந்த விரலும் தொட்டுக்கொண்டன, மணிக்கட்டில் ஒரு கயிறு எழுந்து நின்றது. டாக்டர் பேனாவால் புள்ளி வைத்தாள். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, ரொம்பச் சாதாரணமாக, அன்பாகத்தான், கேட்டாள். "போட்டப்புறம் மூணு நாள் பாரம் தூக்கக் கூடாது, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அதுக்குத்தான போனீங்க. வீட்ல தம்பியத் தூக்கணும்னு. இப்ப வேற யாரும் தூக்கதாங்களா?"

எப்சிபா கையைப் பார்த்தாள். துண்டின் மேல் மல்லாந்து கிடந்த கை. வேற யாரும். தூக்கினார்கள், ஆமாம், நாலு பேர் தூக்கினார்கள், அவளை விடவில்லை. சபை வாலிபர்கள் நாலு பேர், அவனோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள், அவர்கள் தோளுக்கு முப்பத்தெட்டுக் கிலோ ஒரு பாரமா. அவள் பின்னாலேயே வாசல் வரை போனாள், இடது பக்கம் மெதுவா, இடது பக்கம் மெதுவா என்று சொல்லிக்கொண்டே. "இப்ப தூக்க ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நாள் என்று கேட்டாள். பங்குனியில் என்றாள். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, உறை போட்ட கையாலேயே அவள் முன்கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். பிறகு வேறு உறை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "லேசா குத்தும். விரலுக்கு ஷாக் அடிச்ச மாதிரி ஓடுச்சுன்னா உடனே சொல்லணும், நான் ஊசிய நகட்டுவேன்." குத்தியது. மணிக்கட்டுக்குத் தெரிந்தது. உள்ளே போகப் போக ஒரு கனம், ஒரு நிறைவு, வீங்கிய இடத்தில் இன்னும் எதையோ திணிப்பதுபோல. திடீரென்று நடு விரலில் பளிச்சென்று மின்சாரம் ஓடியது, செத்துக் கிடந்த விரலின் நுனி வரைக்கும், அவள் வாயைத் திறந்தாள், சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்றாளே, ஆனால் ஒரு கணம் அவள் சொல்லவில்லை. உனக்குத் தெரியுமா? அப்படியானால் நீ சாகவில்லையா? அன்றைக்கு எங்கே போனாய் நீ? "டாக்டர், ஓடுது" என்றாள். ஊசி கொஞ்சம் பின்வாங்கியது. மின்சாரம் நின்றது. "வலிக்குதாம்மா? ரொம்ப வலிக்குதா? முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு." வலிக்கவில்லை என்று சொல்ல நினைத்தாள், ஆனால் கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, நர்ஸ் பெண் பஞ்சு வைத்து அழுத்தி, ஒட்டுப் போட்டு, இன்னொரு பஞ்சை எடுத்து என்ன நினைத்தாளோ அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். மரக்கிற மருந்தும் கலந்திருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் கை இன்னும் மரத்துத்தான் இருக்கும், இருபது நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டுப் போங்கள், ஊசியின் குணம் தெரிய ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் கதவு வரை வந்து, வெளியே நின்ற இவரிடமும் ஒரு தடவை சொன்னாள்.

இருபது நிமிஷம். கழுத்துப் பட்டைக்காரர் போய்விட்டார். தொலைக்காட்சியில் வேறு யாரோ நகைக்கடை வாசலில் நிற்கிறார்கள். அவள் வலது கையை மடியில் வைத்து அதன் மேல் இடது கையை வைத்திருந்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்த்துக்கொள்வதுபோல. ஒரு வாரத்தில் தெரியுமாம். ஒரு வாரத்தில் என்ன தெரியும்? தோசைக்கல் சுடுவது தெரியும். தண்ணீர் தெரியும். ஊசியில் நூல் கோர்க்கலாம். இவ்வளவும் தெரியப்போகிற கை, அவன் கடைசியாகப் பிடித்த கை. பிடித்தானா? அதுதான் தெரியவில்லை. இவள்தான் பிடித்தாள். அவன் பிடித்தானா, அவன் விரல் ஒரு தடவையாவது அசைந்ததா, அல்லது ஒன்பது மணிக்கே எல்லாம் ஓய்ந்து போய் வெறும் கையைத்தான் இவள் பிடித்திருந்தாளா. இதைக் கேட்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சோதனைத் தாளை உறைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். நாலு மாசம் கேட்கவில்லை. அசையவில்லை என்று சொல்லிவிட்டால் அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அசைந்தது என்று சொல்லிவிட்டால் அவன் சொன்னதை இவள் கேட்கவில்லை. எந்தப் பதிலோடு எந்த வீட்டுக்குப் போய் எந்தச் சமையலைச் செய்வது. கேட்காமல் இருந்தால் இரண்டும் இல்லை. ஆனால் அந்த மின்சாரம் ஓடியதே, நடு விரல் நுனி வரை. அது ஓடிய பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க."

"என்னட்டி? வலிக்கா?"

"இல்ல. அன்னைக்கு நீங்க கால்மாட்டுலதான இருந்திய."

அவர் உறையை மூடுவதை நிறுத்தினார். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "ஆமா."

"எங் கைக்குள்ள இருந்த அவன் கையப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"அசைஞ்சிச்சா?"

வேதமாணிக்கம் முழுசாக அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை, குழப்பம். "என்ன எப்சி கேக்க? உனக்குத் தெரியாதா?"

"எனக்குக் கை மரத்துப் போயிருந்திச்சு. காலையில இருந்தே. ஒண்ணும் தெரியல."

உள்ளே போக இருபத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள், ஒரு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர்களைத் தாண்டிப் போனாள், அவள் போகிற வரை அவர் காத்திருந்தார். "ரெண்டு தடவ அழுத்துனான்ட்டி" என்றார். "ஓம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. மொதல்ல ஒருக்க. அப்புறம் கொஞ்சம் பொறுத்து ஒருக்க. நீயும் அவனையேதான் பாத்துக்கிட்டு இருந்த. உனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன். நீ அத யார்ட்டயும் சொல்லல. சரி, அவளுக்கும் அவனுக்கும் உள்ளது, நாம எதுக்குக் கேக்கணும்னு இருந்துட்டேன்." நிறுத்தினார். "பொறாமையாக்கூட இருந்திச்சு எனக்கு. நாலு மாசமா. உங்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்குன்னு."

இரண்டு தடவை. முதல் தடவைக்குப் பதில் வரவில்லை, அதனால் இரண்டாவது தடவை. எப்சிபாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு எட்டவில்லை போலிருக்கிறது என்று, இருந்த பலத்தை எல்லாம் சேர்த்து, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை. "நான் திருப்பி அழுத்துனேனா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. பொய் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் இருந்தது, அந்த நிமிஷத்தை அவர் எடுத்துக்கொண்டார், ஆனால் பொய் சொல்லவில்லை. "இல்ல. ஆனா விடாமப் பிடிச்சிருந்த. எப்சி, மரத்தது உங் கைதான. அவங் கை மரக்கல. அவனுக்குத் தசைதான் போச்சு, தொட்டா எல்லாம் தெரியும்லா. நீ பிடிச்சிருந்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவளுக்கு அழுகை வரவில்லை, அது உள்ளே டாக்டர் அறையிலேயே தீர்ந்துவிட்டதுபோல. பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, ஒட்டுப் போட்ட மணிக்கட்டோடு, அவர் மடியில் வைத்தாள். "எப்படி அழுத்துனான்? காட்டுங்க." அவர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அந்தக் கையைத் தன் உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டார். எவ்வளவு இலேசாக வாங்கினார் என்பது அவளுக்குக் கண்ணால்தான் தெரிந்தது. தன் நாலு விரல்களையும் அவள் விரல்களின் மேல் மடக்கி, கண்ணை மூடி, நினைத்துப் பார்த்து, அளவு பார்த்து, ஒரு தடவை அழுத்தினார். சருமம் ஒரு நூல் அளவு அமுங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. "இவ்வளவுதான்" என்றார். "தெரியுதா?"

"தெரியல."

"ஒரு வாரம் ஆகும்னு சொன்னாவல்லா."

"ஆமா." அவள் கையை எடுக்கவில்லை. "ஒரு வாரம் கழிச்சு இதே மாதிரி ஒருக்க அழுத்திக் காட்டுங்க. பலம் கூடிரக் கூடாது, குறைஞ்சிரவும் கூடாது. மறந்திராதிய."

"மறக்க மாட்டேன்" என்றார். இருபது நிமிஷம் ஆனதும் நர்ஸ் பெண் வந்து ஒட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். ஆட்டோவில் அவள் ஓரமாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பத்தில் ஒரு தடவை விழித்துப் பார்த்தபோது, வேதமாணிக்கம் தன் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, வலது கை விரல்களால் அதை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை. வீடு வரும் வரை அதையே செய்துகொண்டு வந்தார்.